முப்பத்தோராவது தாள்

இல்லண்ணே, அவசரமே இல்ல. மெதுவாவே போடுங்க. இதுல முப்பது ஜெராக்ஸ். சாப்பாட்டுக் கேரியரா? அது அங்கயே இருக்கட்டும், கண்ணாடிக்குப் பக்கத்துலயே. தாள் அடுக்க இடம் பத்தலன்னா என்கிட்ட குடுங்க, நான் மடியில வெச்சுக்கிறேன். கேரியரை மட்டும் நகத்தாதீங்க. மணி என்ன ஆகுது? நாலு அஞ்சா. உங்க கடிகாரம் சரியா ஓடுதா? சரி, சரி.

கோவமாக் கேக்கலண்ணே. சும்மா தெரிஞ்சுக்கத்தான். என் கிளாஸ் பயிற்சித் தாளை முப்பதுக்கு மேல ஒண்ணு கூடுதலாப் போட்டு யாருக்காவது குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முந்தாநாளா? ம். என்ன சொல்லிக் கேட்டாரு? என் சம்சாரம் டீச்சரோட இங்கிலீஷ் கிளாஸ்ல படிக்கிறா, மூணு வாரமா வர முடியல, தாள் இருந்தாக் குடுங்கன்னாரா? நீங்களும் உங்க ஃபைல்ல இருந்த மூணு வாரத் தாளையும் எடுத்து ஒவ்வொண்ணு போட்டுக் குடுத்துட்டீங்க. மூணுமா? சரி. ரொம்ப மரியாதையாப் பேசினாரா? பேசுவாரு. கோவம் ஏற ஏற அவருக்குக் குரல் இறங்கும். ரொம்ப மெதுவாப் பேசுறாருன்னா வீட்ல இருக்கிறவங்க கதவுப் பக்கமா நகந்துக்குவாங்க.

ஐயோ, உங்க மேல தப்பே இல்லண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு என் தங்கச்சி வீட்டுக்காரர். சம்சாரம்னு சொன்னது என் தங்கச்சியைத்தான். அவ என் கிளாஸுக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல. மூணு வாரத்துக்கு முன்னாடி, கையில கட்டோட, ரெண்டு காலுக்கு ரெண்டு விதமான செருப்பைப் போட்டுக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. கட்டு எப்படிங்கிறீங்களா? போன தடவை மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னா. அதுக்கு முந்தி பாத்ரூம்ல விழுந்துட்டேன்னா. இந்தத் தடவை எங்கயும் விழல, அவரேதான் முறிச்சாருன்னு அவ வாயால சொன்னா. அன்னிக்கே அவளை ஒரு இடத்துல கொண்டுபோய் வெச்சேன். என் வீட்டைத்தானே முதல்ல தேடுவாரு. மறுநாள் காலையில தேடியும் வந்தாரு. உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அக்கா, அவ எங்க போனாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன், நீங்க கவலைப்படாதீங்கன்னாரு. கவலைப்படாதீங்களாம்! அவரு போனதும் அந்த டம்ளரை மூணு தடவை தேச்சுக் கழுவினேன்.

கொஞ்சம் சிரிங்கண்ணே. சும்மா. நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி. ஆங், அப்படித்தான்.

அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? உங்க மெஷின்ல வருஷக்கணக்கா ஓடுது, நீங்க ஒரு நாளும் படிச்சதில்லையா? நல்லது. எல்லாரும் உங்களை மாதிரி இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. இருங்க, புரியிற மாதிரி சொல்றேன். நேரம்தான் இருக்கே.

நம்ம பாஷையில ஒருத்தர் எங்கன்னு கேட்டா, டாக்டர்கிட்ட போயிருக்காரும்போம். முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அட் த டாக்டர்ஸும்பான். அதாவது டாக்டரோட. டாக்டரோட என்னது, வீடா, ஆஸ்பத்திரியா? சொல்ல மாட்டான், அதை அப்படியே முழுங்கிடுவான். என் கிளாஸ்ல ஒரு லாரி ட்ரைவர் இருக்காரு. ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து முதல் பெஞ்சுல உக்காந்து தூங்குவாரு, ஆனா கேள்வி மட்டும் சரியாக் கேப்பாரு. டீச்சர், டாக்டரோடன்னு சொல்லிட்டு நிறுத்தினா, லோடை ஏத்திட்டுப் பின்கதவை மூடாம வண்டியை எடுத்த மாதிரி இருக்கேன்னாரு. கிளாஸே சிரிச்சுது. எனக்கும் அன்னிக்கெல்லாம் நினைச்சு நினைச்சு சிரிப்பு.

அதோட விடுவானா? முன்னாடி குட்டிக் குட்டியா வார்த்தை சேப்பான். டவுன் அட் த டாக்டர்ஸ்னா இப்படிக் கீழ இறங்கிப் போற இடம். ஓவர் அட்னா அந்தப் பக்கம். ரவுண்ட் அட்னா பக்கத்துலதான், ஒரு திருப்பம் திரும்பினா வந்துடும். அப் அட்னா மேல. ஒவ்வொரு குட்டி வார்த்தையும் உங்க கையைப் பிடிச்சு ஒரு எட்டு கிட்ட கூட்டிட்டுப் போகும். இதைத்தான் இருபது வருஷமா நான் பெருமையாச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். ஆள் எங்க இருக்காங்கிறதை நாலே வார்த்தையில காட்டிடலாம் பாருங்கன்னு.

மணி? நாலு பன்னெண்டா. மெஷின் ஏன் நின்னுச்சு? மை தீந்துடுச்சா? பரவால்ல, மாத்துங்க. நிதானமா மாத்துங்க. ஆனா உள்ள போயிடாதீங்க, இங்கயே என் முன்னாடியே நின்னு மாத்துங்க.

நான் தப்பு பண்ணது எங்கன்னா, அண்ணே, எனக்கு ஒரு பழக்கம். உதாரண வாக்கியத்துக்குப் புத்தகத்தைத் தேட மாட்டேன். புத்தகத்துல இருக்கிற வாக்கியமெல்லாம் செத்துப்போன வாக்கியம். யாரோ ஒரு ஜான், யாரோ ஒரு மேரி. அதனால நான் எங்க வீட்ல என்ன நடக்குதோ அதையே எழுதிடுவேன். சமைச்சுக்கிட்டே மனசுல ஓட்டிப் பாத்து, அடுப்பை அணைச்ச கையோட எழுதிடுவேன். என் பையன் சைக்கிள் இன்னும் மெக்கானிக்கிட்டயே கிடக்குன்னு ஒரு தடவை எழுதினேன். மறுநாள் கிளாஸ்ல இருக்கிற வெல்டர் போய் அதை எடுத்து, சரி பண்ணி, எங்க வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்திட்டாரு. எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எழுதின தாளைப் பாத்துட்டு மொத்தக் கிளாஸும் பழத்தோட வந்து நின்னுச்சு. நான் யாருகிட்டயும் வாய்விட்டு ஒண்ணும் சொன்னதில்ல. தாள்தான் சொல்லும்.

இது அவருக்கும் தெரியும். அதுதாண்ணே விஷயம். அவங்க கல்யாணம் பேசினப்போ நான் போட்ட ஒரு தாள்ல, மாப்பிள்ளையோட சட்டை இன்னும் டைலர்கிட்டயே இருக்குன்னு ஒரு கேள்வி. அதை என் தங்கச்சி அவர்கிட்ட காட்டிட்டா. அன்னிலேர்ந்து விருந்துக்கு உக்காந்தாலே அவரு கேலி. இந்த வீட்டு சமாசாரம் தெரியணும்னா யாரையும் கேக்க வேண்டாம், அக்கா போடுற தாளை வாங்கிப் பாத்தாப் போதும்பாரு. நாங்க எல்லாரும் சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன். இன்னொரு கரண்டி சோறு வேற போட்டேன்.

வேணும்னு எழுதுவேனாண்ணே? பெத்த பிள்ளை மாதிரி வளத்தவளைக் காட்டிக் குடுப்பேனா? இந்த மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. அவ சாப்பிட்டாளா, கை வலிக்குதா, கதவைத் தாப்பாப் போட்டாளான்னு இதே நினைப்பு. மனசு எங்க இருக்கோ பேனா அங்கதான் போகும். முதல் வாரம் ஒரு கேள்வி, ஷி இஸ் அப் அட் த டைலர்ஸ். டைலர் கடைக்கு மேல. ரெண்டாவது வாரம், த ஸ்டெப்ஸ் ஆர் ரவுண்ட் பிஹைண்ட் த பேக்கர்ஸ். படி பேக்கரிக்குப் பின்பக்கமாச் சுத்தி இருக்கு. மூணாவது வாரம், ஷி கோஸ் டவுன் டு த கெமிஸ்ட்ஸ் அட் ஃபைவ். அஞ்சு மணிக்கு இறங்கி மருந்துக் கடைக்குப் போறா. கை வலிக்கு மாத்திரை வாங்க. தனித்தனியாப் பாத்தா ஒண்ணுமே இல்ல. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முகவரி எழுதிக் குடுத்த மாதிரி இல்ல?

டைலர் கடைன்னா எதுன்னு கேக்குறீங்க. அதுதான் எனக்குக் கிடைச்ச ஒரே அதிர்ஷ்டம். இந்தக் கடைத்தெருவுல டைலர் கடை நாலு இருக்கு, பேக்கரியும் மூலைக்கு ஒண்ணு. தங்கச்சி இருக்கிறது கோடியில இருக்கே, அந்த டைலரம்மா கடை. என்கிட்ட படிச்சவங்கதான். மாடி ரூமைத் தொறந்துவிட்டு, எவ்வளவு நாள் வேணாலும் இருக்கட்டும் டீச்சர்னு சொன்ன மகராசி.

இன்னிக்கு மூணரை மணி வாக்குல நம்ம ட்ரைவர் போன் பண்ணாரு. டீச்சர், உங்க தாளை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் டைலர் கடை டைலர் கடையா ஏறி இறங்குறாரு, மாடியில ரூம் வாடகைக்கு இருக்கான்னு விசாரிக்கிறாரு, புது ஸ்டூடண்ட்டான்னு கேட்டாரு. எத்தனை கடை பாத்தாருன்னு கேட்டேன். இப்ப மூணாவதுல ஏறுறாரு டீச்சர்னாரு.

நாலுல மூணு.

தண்ணி இருக்குமாண்ணே? இல்ல இல்ல, எடுக்க உள்ள போக வேண்டாம். வேண்டாம், எனக்குத் தாகம் இல்ல. நீங்க இங்கயே நில்லுங்க.

போலீஸா? போனோம். போன தடவை, மாடிப்படின்னு அவ சொன்னதை நம்பாம நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவரும் வந்தாரு. மெதுவா, மரியாதையாப் பேசினாரு. குடும்ப விஷயம், வீட்டுக்குப் போய் பேசித் தீத்துக்கங்கன்னு அவரோடயே அனுப்பி வெச்சாங்க. அன்னிக்கு வண்டியில ஏறினப்போ அவ என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே... அது வேண்டாம், விடுங்க.

மணி சொல்லுங்க. நாலு இருபத்தஞ்சு. ட்ரைவர் வண்டி நாலரைக்கு வருது. டைலரம்மா கடைப் பின்பக்கம், அந்தப் படிக்கட்டு கிட்டயே. அவளை ஏத்திக்கிட்டு எங்க போகப்போறாருன்னு என்கிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியவே வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா தாளுக்குத் தெரிஞ்சிடும். அவ ஏறி வண்டி கிளம்பினதும் ஒரு மிஸ்டு கால். ரெண்டு ரிங். அதுக்குத்தான் போனை இப்படி மல்லாக்க வெச்சிருக்கேன்.

இப்ப நான் சொல்றதைக் கேட்டுட்டுத் திரும்பக் கூடாது. எதிர்ப்பக்கம் செருப்புக் கடை வாசல்ல நீலச் சட்டையில ஒருத்தர் நிக்கிறாரு இல்ல? சொல்றேனே, திரும்பாதீங்கண்ணே! என்னையே பாருங்க. அவருதான். நான் உள்ள வந்ததுலேர்ந்து அங்கதான் நிக்கிறாரு.

நான்தான் கூட்டிட்டு வந்தேன். மூணாவது கடையிலேர்ந்து அவரு இறங்குறப்போ, கண்ணுல படுற மாதிரி அவரு முன்னாடியே வேகமா நடந்தேன், இந்தக் கேரியரைத் தூக்கிக்கிட்டு. தங்கச்சிக்குச் சோறு கொண்டுபோறேன்னு நினைக்கட்டும்னு. நினைச்சாரு. நாலாவது கடையை விட்டுட்டு என் பின்னாடியே வந்துட்டாரு. திரும்பிப் பாக்காமலே நடந்தேன். கேரியர் காலிண்ணே. நாலு அடுக்கும் காலி. தூக்கிப் பாருங்க... ஐயோ, தூக்காதீங்க. தூக்கினா கனமில்லாதது அவருக்குத் தெரிஞ்சிடும்.

நான் இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவரு அங்க. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு. முப்பதும் முடிஞ்சிடுச்சா? இன்னொரு முப்பது போடுங்க. எந்தத் தாளா இருந்தா என்ன, உங்க மேசையில இருக்கிறதைப் போடுங்க. மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும்.

நாலு முப்பத்தொண்ணு. இந்தப் போன் ஏன் அடிக்க மாட்டேங்குது?

ரோட்டுல இறங்கிட்டாரு. இங்கதான் வர்றாரு. பயமா இருக்குண்ணே. இல்ல, ஷட்டரை இறக்காதீங்க. வரட்டும். இங்க வர்றாருன்னா அங்க போகலன்னுதானே அர்த்தம். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. மெஷினை மட்டும் நிறுத்தாதீங்க.

வாங்க மாப்ள, வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. என் தாள் மூணையும் வாங்கிட்டுப் போனீங்களாமே, அண்ணன் சொன்னாரு. எங்கன்னா கேக்குறீங்க? சொல்றேன், சொல்லாம எங்க போகப்போறேன்? முதல்ல உக்காருங்க. தாளை இப்படி விரிங்க. எடுத்த எடுப்புல விடை சொன்னாப் புரியாது. நம்ம பாஷையில ஒருத்தர் எங்கன்னு கேட்டா, டாக்டர்கிட்ட போயிருக்காரும்போம், இல்லையா? ஆனா இங்கிலீஷ்ல அப்படி இல்ல பாருங்க...