பச்சைப் பலகை

இந்த அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, சார். உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். தொழில் பழக்கம்.

நான் ஒயின் குடிப்பதில்லை. அந்த வீட்டில் குடிக்காத ஒரே ஆள் நான்தான். ஆனால் அங்கே ஒயின் கெடாமல் இருந்தது என்னால்தான். தொட்டி பாதி காலியானால் மேலே காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் எல்லாம் புளித்துக் காடியாகிவிடும். அதைத் தடுக்க ஆர்கான் என்ற வாயுவை விடுவோம். வெல்டிங் பட்டறைக்குப் போகிற அதே வாயுதான். காற்றைவிடக் கனம், ஒயின்மேல் கம்பளிபோலப் படுத்துக்கொள்ளும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். சிலிண்டர் நிரப்பும் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். விடிந்ததும் லாரியில் சிலிண்டரோடு ஒயின் ஆலைக்குப் போவேன். ஆலை முதலாளியின் மகள்தான் கணக்குப் பார்த்து இறக்கிக்கொள்வாள். இருவருக்கும் பிடித்துப்போனது. அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

இருந்தேன். ஆலைக்கு மேலேயே வீடு. படுத்தால் முதுகுக்குக் கீழே பம்பு ஓடும். வெளிக்கதவுச் சாவி மாமாவின் இடுப்பில். செருப்பில் கால் நுழைத்தாலே, "மாப்பிள்ளை எங்க கிளம்பிட்டாரு?" என்று உள்ளிருந்து குரல் வரும். கோபமாகக் கேட்க மாட்டார், சிரித்துக்கொண்டேதான் கேட்பார். சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. அடித்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். சிரிக்கிற மனிதரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

வேறு ஊரில் என் பழைய கம்பெனி ஒரு கிளை திறந்தது. வா, வேலை தருகிறோம் என்றார்கள். இரண்டு அறை உள்ள வீடு ஒன்றையும் பார்த்துவைத்தேன். மனைவியிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பா இருக்கிற வரைக்கும் என்னால வர முடியாது. என்னைக் கேக்காதீங்க."

அழவில்லை, சண்டை போடவில்லை. தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆலையில் என் பேச்சு எடுபட்டது ஒரே ஒரு இடத்தில். தொட்டிகள் தரைக்கு அடியில் கட்டியவை. மேலே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட வாய் இருக்கும். ஒயினை இறைத்த பிறகு அடியில் தங்கும் வண்டலை அள்ள ஆள் இறங்க வேண்டும். வாயு அங்கேயே கிடக்கும், அதை மூச்சில் இழுத்தால் ஆள் அப்படியே விழுந்துவிடுவான் என்பதால், நான் முதலில் விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே அடித்துச் சோதித்துவிட்டு, வாயருகே தொங்கும் பலகையைத் திருப்புவேன். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. சிவப்பாக இருந்தால் மாமாவே அதட்டினாலும் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

இறங்குவது மச்சினனின் வேலை. என் மனைவியின் தம்பி, முப்பதைத் தாண்டியவன். பருத்த உடம்பு, பீப்பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "அத்தான், ஒருநாள் இந்த வாயில மாட்டிக்கப்போறேன். கிரேன் வச்சுத்தான் தூக்கணும். எல்லாம் அக்கா சமையல் பண்ற வேலை," என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வீட்டில் என்னிடம் மனம்விட்டுப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

மாமாவுக்கு மூட்டு வலி. தொட்டியில் இறங்குவதை எப்போதோ விட்டுவிட்டார். மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் இறங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் உள்ளே இருக்க வேண்டும்.

கம்பெனிப் பயிற்சியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட குழிகளில் விழுந்தவனோடு முடிவதில்லை. அவனைத் தூக்கப் போனவர்களும் விழுவார்கள். சொந்தக்காரர்கள் என்றால் யோசிக்கவே மாட்டார்கள். அதனால்தான், 'ஒருவர் விழுந்தால் பின்னால் இறங்காதே' என்று சுவரில் பெயிண்டால் எழுதிவைத்தேன். எழுதியது நான்தான், கையெழுத்தைப் பார்த்தால் தெரியும்.

அன்று மத்தியானம் மற்ற ஆட்கள் வாசலில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் விசிறியை எடுக்கவில்லை. பலகையைத் திருப்பினேன். செய்தது அவ்வளவுதான்.

பீப்பாய் வந்தான். "என்ன அத்தான், கம்பளியை உருவியாச்சா?"

"பலகையைப் பாரு," என்றேன். கவனியுங்கள், வாயால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

வயிற்றை எக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினான். தோள்வரை போனவன் நின்று, குரலைத் தாழ்த்தினான்.

"அக்காவையும் உங்களையும் அனுப்பிவைங்கன்னு காலையில அப்பாகிட்ட பேசிட்டேன். முதல்ல குதிச்சாரு. அப்புறம், ராத்திரி மாப்பிள்ளைகிட்ட நானே பேசுறேன்னாரு. மூஞ்சியை இப்படி வச்சுக்காதீங்க, கொஞ்சம் சிரிங்க."

சிரித்தேன்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் என்ன சொல்லி நிறுத்துவது? பலகை தப்பு என்றால், பிறகு ஏன் திருப்பினாய் என்பார்கள். இருந்த ஒரே மரியாதையும் போய்விடும். ராத்திரி மாமா பேசுவார், சிரிப்பார், கடைசியில் நான் அங்கேயேதான் கிடப்பேன்.

கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. வலி இருந்திருக்காது.

"டேய், என்னடா அங்க?" என்று மாமா எழுந்து வந்தார். வாய்க்குள் குனிந்து பார்த்தார். மகனைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"மாமா, இறங்காதீங்க," என்றேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நிதானமாக, தெளிவாகச் சொன்னேன். நான் சொல்லி அவர் எதையும் நிறுத்தியதில்லை என்பது வேறு விஷயம்.

"நகருடா," என்றார். அதுவரை என்னை 'டா' போட்டதில்லை. மூட்டு வலிக்காரர் அத்தனை வேகமாக ஏணியில் இறங்குவார் என்று நானே நினைக்கவில்லை.

சத்தம் கேட்டு மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தாள். அவளும் இறங்கத்தான் போனாள். பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுவரில் காற்றுச் சிலிண்டரோடு முகமூடி மாட்டியிருந்தது. "அதைப் போட்டுக்கிட்டு இறங்குங்க, உங்களுக்குத்தான் தெரியுமே," என்று கத்தினாள். தெரியும். ஆனால் என் இரண்டு கையும் அவள்மேல் இருந்ததே. விட்டிருந்தால் குதித்திருப்பாள். கையைக் கடித்தாள், இதோ, இன்னும் ஆறவில்லை. ஆட்கள் ஓடிவரும்வரை நான் பிடியை விடவில்லை. அன்று அந்த ஆலையில் ஓர் உயிரைக் காப்பாற்றியவன் யாரென்றால், அது நான்தான்.

மற்ற இரண்டு பேரையும் கொன்றதும் நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். அதிர்ச்சியில் இருக்கிறாள், சரியாகிவிடுவாள். நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். வெளியே இருந்தால் அவளிடம் சொல்லுங்கள்: அந்த வெளியூர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, நான் பார்த்துவைத்த வீட்டின் சொந்தக்காரரும் எனக்காகத்தான் காத்திருக்கிறார். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்டியைக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.