ஒட்டாத பலூனுக்கு ஒரு வாழ்த்துரை

வணக்கம் சொல்வதற்கு முன் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். மக்கள் முன்னால் ஒரு சோதனை தோற்றது. அந்தத் தோல்வியை மறைக்காத குற்றத்துக்காக, இந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பரப்புப் பணியிலிருந்து ஒரு பெண்ணை நீக்கப் போகிறார்கள். இது அநியாயம். இனி வணக்கம்.

அவைக்குத் தலைமை தாங்கும் துணைவேந்தர் அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்து என்னைவிடக் கடிகாரத்தை அதிகம் பார்க்கும் பதிவாளர் அவர்களே, பாடம் சொல்லும் பேராசிரியப் பெருமக்களே, பட்டம் நாடும் பிள்ளைகளே, என்னிலும் மூத்த பெரியோர்களே – அப்படி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், நானே இறங்கி வந்து கும்பிடுகிறேன் – அடுப்பையும் அலுவலையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் நிற்கும் என் சலவைச்சாலைத் தோழர்களே, உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

புதிய அறிவியல் அரங்கத்தின் திறப்பு விழா. "பொதுமக்கள் சார்பில் வாழ்த்துரை" என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். யாரை வாழ்த்துவாய் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் இரண்டு தெரு தள்ளி நீராவிச் சலவைச்சாலை நடத்துகிறவன். பள்ளிக்கூடம் பார்க்காதவன். கொதிகலனோடு வந்த கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன். ஆகையால் 'ஆபத்து', 'தள்ளி நில்' ஆகிய சொற்கள் எனக்குச் சுத்தமாக வரும். மற்றவற்றில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் கடைக்குத்தான் வந்தார். வாடிக்கையாளர் துணிக்குக் காத்திருக்கும் முன்கூடம். உள்ளே இயந்திரங்களின் இரைச்சல். கையில் ஒரு பெட்டி, நெஞ்சில் மனப்பாடம் செய்த உரை. "பேரன்புமிக்க பொதுமக்களே, நிலைமின்னியல் என்பது..." என்று தொடங்கினார். இஸ்திரி போடும் எங்கள் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, துணி போட வந்தியா, வாங்க வந்தியா? சீட்டு இருந்தா குடு."

உரை அங்கேயே உதிர்ந்தது. அந்தப் பெண் அவசரமாக ஒரு பலூனை ஊதினார். கம்பளித் துணியில் தேய்த்தார். சுவரில் வைத்தார். விழுந்தது. மறுபடி தேய்த்தார். மறுபடி விழுந்தது. மூட்டை தூக்கும் எங்கள் ஆள், 'மலை' என்று அழைப்போம், அவர் கத்தினார்: "டீச்சர், கொஞ்சம் பசை போடுங்க, நல்லா ஒட்டும்!"

கூடமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்காமல் தீர்ப்பு வழங்கினேன். "ரப்பர் மட்டம்மா. மலிவுச் சரக்கைத் தலையில கட்டிட்டான்."

அந்த இடத்தில் மற்றொருவர் என்ன செய்திருப்பார்? பெட்டியை மூடியிருப்பார். பெரிய பெரிய சொற்களைப் பேசி மழுப்பியிருப்பார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இருக்கலாம் ஐயா. ஏன் ஒட்டலைன்னு எனக்கு இப்பத் தெரியல. சேர்ந்து பாத்துடலாமா?"

தெரியல! பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தாய்மார்களே, நீங்கள்? ...பாருங்கள், பேராசிரியர்களே சிரிக்கிறார்கள்.

சுவர்ப் பூச்சு வழுக்குகிறது என்றார் அக்கா. "இங்க ஒரே ஆவி. என் கண்ணாடியே மங்கிப் போகுது" என்றார் மலை. அந்தப் பெண்ணின் முகத்தில் வெட்கம் போய் வெளிச்சம் வந்தது.

"மூணு பேரு, மூணு காரணம். எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது காரணம்னு தெரியாது. ஒவ்வொண்ணா மாத்துவோம்."

முதலில் என் காரணம். மலை போய் உயர்ந்த ரகப் பலூன் வாங்கி வந்தார். விழுந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். அடுத்தது அக்காவின் காரணம். பழைய பலூனை வைத்து, பூச்சில்லாத மரக்கதவில் பார்த்தோம். விழுந்தது. கடைசியில் துணியெல்லாம் எடுத்து முடித்த உலர்த்தும் அறைக்குப் போனோம். அதே பழைய பலூன், அதே பூச்சு பூசிய சுவர், ஆனால் காய்ந்த காற்று. பலூனை அக்காவின் கையில் கொடுத்து, "நீங்களே தேய்ங்கக்கா" என்றார். அக்கா தேய்த்தார். வைத்தார். கையை எடுத்தார்.

ஒட்டியது!

அக்கா பலூனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ, காஞ்ச போர்வையை உதறுறப்ப விரல்ல சுரீர்னு கடிக்குமே, அது இதுதானா?"

"அதேதான்க்கா!" என்று அந்தப் பெண் துள்ளிக் குதித்தார்.

"அடக் கடவுளே! மெஷின்ல கரண்ட் ஒழுகுதுன்னு இத்தனை வருஷமா முதலாளியைத் திட்டிட்டுல்ல இருந்தேன்!"

என்னைத் திட்டிய செய்தி எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது கிடக்கட்டும். ஆவிதான் காரணம் என்று ஊரே ஒப்புக்கொண்டது. நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ரப்பர் மட்டம்தான், அதில் மாற்றமில்லை.

மணி அடிக்கிறீர்களா, தம்பி? அடியுங்கள். கொதிகலன் ஊதலுக்கே அசையாத காது இது.

அன்று முதல் செவ்வாய்க்கிழமைகளில் அவருக்காகக் கடை காத்திருந்தது. பிறகு அவர் உரையோடு வரவில்லை, "இந்த வாரம் என்ன சந்தேகம்?" என்ற கேள்வியோடு வந்தார். வாய் திறக்காதவர்கள் வாய் திறந்தார்கள். சோப்பு ஏன் நுரைக்கிறது, வெள்ளை ஏன் பழுக்கிறது, ஈரத்துணி ஏன் கருத்துத் தெரிகிறது? கேள்வி, கேள்வி, கேள்வி! விடை கொடுக்கப் பலர் வந்திருக்கிறார்கள் ஐயா. எங்கள் சந்தேகத்தை மதித்து, அதைச் சோதிக்கும் பொருளை எங்கள் கையிலேயே கொடுத்தவர் இவர் ஒருவரே.

இதற்குக் கிடைத்த பரிசு என்ன? முதல் நாள் யாரோ கைபேசியில் எடுத்த படம் ஊர் சுற்றியது. அதில் பலூன் விழுவது இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. ஒட்டியது இல்லை. படம் மேலிடத்துக்குப் போனது. "நிறுவனத்தின் பெயர் கெட்டது. இனித் தோற்காத வீடியோவை மட்டும் காட்டு" என்றார்கள். அவர் மறுத்தார். "தோத்ததை ஒளிச்சுட்டு ஜெயிச்சதை மட்டும் காட்டினா அது வித்தைங்க. எனக்கு வித்தை காட்டத் தெரியாது" என்று, பதிவாளர் அவர்களே, உங்கள் அறையிலேயே சொன்னாராம். தகுதிகாண் காலம் முடிகிறது, பணி உறுதி கிடையாது என்கிறீர்கள். இன்று மாலை குழு கூடி முடிவு செய்யப்போகிறது. அவர் இதோ, மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்.

கேட்கிறேன்: தோற்காத சோதனை உண்டா? உங்கள் ஆய்வுக்கூடங்களில் தினமும் தோற்பது எது? அறைக்குள் தோற்றால் ஆராய்ச்சி, ஆட்கள் முன்னால் தோற்றால் அவமானமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு இந்தப் பளிங்கு அரங்கத்தைவிடப் பெரியதில்லையா?

நாற்காலியைத் தேடி நான் உட்காரும் முன், செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். துணைவேந்தர் அவர்கள் இன்று மாலைக் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் பணியை உறுதி செய்ய வேண்டும். பதிவாளர் அவர்கள் தோற்காத வீடியோ என்ற உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும், எழுத்தில். பேராசிரியர்கள் ஆளுக்கொரு முறையாவது அவரோடு வெளியே வந்து, தோற்றுக் காட்ட வேண்டும். அந்தப் படத்தை எடுத்தவர் இங்கே இருந்தால், மீதியையும் ஊருக்குச் சொல்ல வேண்டும். தாய்மார்கள், அக்கா உட்பட, கூட்டம் முடியும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு மலை நாற்காலி தூக்கிப் போட வேண்டும். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவர்களோடு உட்கார வேண்டும், உட்காருவேன்.

இடையில் நிறுத்தாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. மாலையில் வாசலில் சந்திப்போம். வணக்கம்.