மிதக்காத வேதாளம்

திண்டுக்கல் பக்கத்து ஜனங்களுக்குக் கடல் என்றால் உயிர், ஐயா. பெரும்பாலோர் பார்த்ததில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நானும் பார்த்ததில்லை. ஆனால் நான் நாடகாசிரியன். பார்க்க வேண்டிய அவசியமில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நாடகத்தைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

வேதாளத்தைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுடுகாட்டு முருங்கையில் தலைகீழாகத் தொங்கும் பிணம். ராஜா தோளில் தூக்கிப்போட்டால் பேசும். நான் அதைக் கடலுக்கு அடியில் இறக்கினேன். முருங்கைக்குப் பதில் பவளமரம், நரிக்குப் பதில் சுறா, சுடுகாட்டுக்குப் பதில் மூழ்கிய கப்பல். நீலச் சேலைகளை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் அலை. ‘தமிழ் மேடை இதுவரை காணாத அற்புதம்’ என்று நோட்டீசிலேயே போட்டிருந்தது. நோட்டீசை எழுதியவன் நான்தான். அதனால் அது பொய்யாகிவிடாது. வேதாள வேஷமும் எனக்குத்தான். வேறு யாரிடம் கொடுப்பது?

சித்தையன்கோட்டையில் முதல் ஆட்டம். எங்கள் பபூன் பொன்னழகு. பபூனுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவான், தடுக்கக் கூடாது. மேடை வழக்கம் அப்படி. நான் தொங்கிக்கொண்டு மரணத்தின் தத்துவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் வந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

“ஏப்பா வேதாளம், தண்ணியில செத்தது ஊதி மேல வந்துரும்னு எங்கூரு எருமைக்கே தெரியும். நீ மட்டும் எப்படி அம்புட்டு ஆழத்துல கெடக்க? கல்லக் கில்ல முழுங்கிட்டியாப்பு?”

தலைகீழாகத் தொங்குகிறவனுக்குச் சிரிப்பு வேறு மாதிரித் தெரியும், ஐயா. ஒரு ஊரே வாயைப் பிளந்துகொண்டு மேலிருந்து கொட்டுவது போல. மீதி தத்துவம் யார் காதிலும் விழவில்லை.

சேவுகம்பட்டிக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைய ஆட்டத்திலும் அதே கதி. திண்டுக்கல் டவுனில் எங்களுக்கு ஆட்டம் பிடித்துக் கொடுத்த ஏஜண்ட் பாஸ்கலிடம், அந்த வசனத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

“வாத்தியாரே, சனம் அதுக்குத்தான் வருது. வேணும்னா டவுன்ல வேதாளத்த எடுத்துருவோம். பொன்னழகு மட்டும் போதும்” என்றார்.

என் நாடகத்திலிருந்து என் வேதாளத்தை. நீங்களே சொல்லுங்கள்.

நடிகர்கள் பகலில் தூங்குவார்கள். பொன்னழகு மட்டும் சேவுகம்பட்டியிலேயே கருப்பணன் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போனான். நானும் போனேன். டவுன் ஆட்டத்தில் நீதான் வேதாளம், ஒத்திகை பார்ப்போம் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். கையைப் பின்னால் அவனே கொடுத்தான், கட்டினேன். எங்கள் சமையல்காரி ஆனந்தமேரியின் அம்மிக்குழவியைக் கழுத்தில் கட்டும்போதும் சிரித்தான்.

“என்ன வாத்தியாரே, வெஞ்சனத்துக்கு என்னையவே அரைக்கப் போறீகளா?”

நல்ல வசனம். நான் மறுக்கவில்லை.

தள்ளினேன். ஒருமுறை மேலே வந்து படியில் மோவாயை ஊன்றிக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு ஒத்திகை இல்லை என்று விளங்கியது போலிருக்கிறது. “வாத்தியாரே, பிள்ளைக இருக்கு” என்றான். மோவாயில் மிதித்தேன். எலும்பு நொறுங்குகிற சத்தம் காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரிதான் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தேன். தண்ணீருக்குள் அவன் தலையைக் காலால் அழுத்திக்கொண்டு செத்த நேரம் நின்றேன். குமிழி வந்தது, சிவப்பாக, பிறகு வரவில்லை. பல் ஒன்று படியில் கிடந்தது. குளிக்க வருகிறவர் காலில் குத்துமே என்று அதையும் உள்ளே தள்ளிவிட்டேன்.

தண்ணீர் தெளிந்ததும் பார்த்தேன். குழவி தலையைக் கீழே இழுக்க, கால்கள் மேலே நிற்க, ஆடாமல் அசையாமல் தலைகீழாக நின்றான். நான் எழுதியபடியே. இது முடியும் என்றுதானே ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். வேறு வழியில்லாமல் பாஸ்கல் வேதாளத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். டவுனில் நல்ல கூட்டம். தொங்கினேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதல் வாக்கியத்தை முடித்திருப்பேன், முன்வரிசைப் பாயிலிருந்து ஒரு பெண்பிள்ளை குரல்: “கல்ல முழுங்கிட்டியாப்பு?” அவ்வளவுதான். மொத்தக் கொட்டகையும்.

மறுநாள் காலையில் கருப்பணன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன் கிணற்றைப் பார்த்திருக்கிறான். பொன்னழகு ஊதி மேலே வந்துவிட்டான், குழவியோடு. நீங்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினீர்களே, அப்போதும் வாய் திறந்துதான் இருந்தது.

குழவி சிறியது. அது ஆனந்தமேரியின் தவறு; என் நாடகத்தில் பிழையில்லை. ஆக, பொன்னழகைக் கொன்றது நான்தான், கலைக்காக. சிரித்ததற்காக என்று எழுதிவிடாதீர்கள். சிரிப்பை நான் பொருட்படுத்துகிற ஆளே இல்லை.

அதோ, உங்கள் ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நீச்சல் தெரியுமா, ஐயா?