விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

கண்ணாடி வெட்டும்போது கையை அழுத்தக் கூடாது, சார். ஒரே கோடு, ஒரே இழுப்பு. முப்பது வருஷமாகச் செய்கிறேன். நீங்களும் தமிழ்க்காரர் என்பதால் எனக்குச் சொல்ல வசதியாக இருக்கிறது. வாக்குமூலத்தில் என் பெயரை ஜெயினுலாப்தீன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு எழுபது வயது. கீழே முன்பக்கம் என் கண்ணாடிக் கடை, பின்பக்கம் வீடு. மாடியில் ஏஞ்சலம்மாள் அக்காவும் அவர் மகள் சுனிதாவும். மற்றவர்கள் இடித்துக் கட்டட்டும் என்று கையெழுத்துப் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு குடும்பம்தான் ரிப்பேர் செய்து இருந்துகொள்கிறோம் என்றோம். பக்கத்துக் கட்டடத்தை இடித்தபோது டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்புக்குப் போனவர்கள் பதினொரு வருஷமாக அங்கேயே கிடக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கதி வேண்டாம் என்றிருந்தேன்.

பார்க்க வந்த இன்ஜினீயர் ஷ்ரவண் நல்ல மனுஷன். மாடிப்படிக்கு அடியில், பீமில் ஓடிய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைப் பிளாஸ்டரால் ஒட்டி, அதில் தேதி எழுதினார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். “மூன்று மாதம் உடையாமல் இருந்தால் ரிப்பேர் செய்யலாம். உடைந்தால் அன்றைக்கே எல்லாரும் வெளியேறிவிட வேண்டும்” என்றார். அந்தப் பட்டையை வெட்டிக் கொடுத்தது நான்தான்.

பதினாறாம் நாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். உடைந்திருந்தது. அதே அளவில் இன்னொன்று வெட்டி ஒட்டினேன். அவர் கையெழுத்து மாதிரியே தேதி எழுதினேன். புது பிளாஸ்டர் வெளுத்துத் தெரியாமலிருக்க டீத்தண்ணீர் தடவினேன். அப்புறம் பத்து நாளில் ஒன்று உடைந்தது. பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று.

அக்கா பயந்த சுபாவம். “பாய், சுவத்துக்குள்ள யாரோ பல்லக் கடிக்க மாதிரி சத்தம் கேக்கு. சுனிதாவக் கூட்டிக்கிட்டு விக்ரோலில தங்கச்சி வீட்டுக்குப் போயிரட்டுமா?” என்பார்.

ஆள் இல்லாத வீட்டை ரிப்பேர் செய்ய எவன் வருவான், சார்? “கண்ணாடி முழுசா இருக்கே அக்கா” என்பேன். இறங்கி வந்து பார்ப்பார். முகம் தெளியும். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. வெட்டும்போது கையை அழுத்திவிட்டு இரண்டு பட்டையை வீணாக்கினேன்.

கடைசி நாள் காலை, நான் ஒட்டி முடிப்பதற்குள் விரலுக்கு அடியிலேயே உடைந்தது. என் மனைவி பேகத்தையும் மகள் சஃபீனாவையும் எழுப்பி, சான்பாடாவில் மச்சான் வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு இன்னொரு பட்டையை ஒட்டினேன். இந்த முறை ஒரு முனையை மட்டும். மறுமுனை சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி வைத்தால் உடையாது.

அக்கா படியில் நின்றிருந்தார். “வீட்டுல எல்லாரும் எங்க போறாவ?”

“கல்யாண வீட்டுக்கு.”

“இன்னைக்கு எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, பாய்.”

கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “நான் ஒரு கிறுக்கி” என்று சிரித்துக்கொண்டே, சுனிதாவுக்குத் தோசை சுட மேலே போனார். நான் கடையைப் பூட்டிவிட்டு, குர்லாவுக்குச் சரக்கு எடுக்கப் போனேன். பத்தே முக்காலுக்குக் கட்டடம் விழுந்தது என்றார்கள்.

விழும் என்று தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும். அப்படியே எழுதுங்கள். ஆனால் அக்கா கடைசிவரை பயமில்லாமல் இருந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்தான். இரண்டு பேர் உடலையும் மாடிப்படியில், வெறுங்காலோடு, கையைக் கோத்தபடி எடுத்ததாகச் சொல்கிறீர்கள்.

காய்கறிக் கடைக்குக் கிளம்பியிருப்பார்கள், சார்.