ராக்கெட் விடும் நாளில் ஏரியைப் பார்த்தவள்

ஆவடியில் ரயில் நின்றபோது, எனக்கு எதிரே இருந்த ஸ்டெல்லா தன் தோழியிடம் சொன்னாள்: "நாளைக்கு ராக்கெட் விடுறாங்க கோமதி. இந்த வாட்டியாவது பூநாரைங்க பயந்துகினு நம்ம பக்கம் வரணும்."

"பாவம்க்கா அதுங்க."

"இன்னா பாவம்? எங்க ஓரகத்தி ஊடு பழவேற்காட்டுல, ராக்கெட் விடுற இடத்துக்கு எதிர்க்க. ஏரி நிறைய நாரைன்னு தினமும் போட்டோ அனுப்புறா. மாடியில இருந்து ஏரி தெரியும்னு சொல்லித்தான் எனக்கும் ஃபிளாட்டை வித்தாங்க. ஏரில இன்னா கீது? ஆகாயத்தாமரை, கொசு."

"ராக்கெட் புகை அதுங்களுக்கு ஆகாதுல்ல?"

"நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன். புகை கெடுதல், சத்தம் கெடுதல், இனிமே அங்க தங்காதுங்கன்னேன். அவ ஊட்டு ஜன்னலே அதிருதாம். நாரை அத்தனையும் ஒண்ணா எழும்பிப் பறக்குதாம்."

"அப்புறம்?"

"சாயங்காலம் அங்கயே திரும்பி வந்து நிக்குதாம். அதையும் வீடியோ எடுத்து அனுப்பினா."

திருமுல்லைவாயில் வந்தது. ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போன வாட்டி மொட்டை மாடியில எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்தாங்க. நான் மட்டும் ஏரியைப் பார்த்துகினு நின்னேன். ஒரே ஒரு காக்கா வந்துச்சு. அதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிட்டேன்."