அவ வந்து தட்டினா

— புரோக்கர் வெளியிலயே நிக்கட்டும்மா. முன்பணம் கை மாறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— என்ன சார், கூரை ஒழுகுதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

— கூரையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இது என் வீட்டுக்காரி விஷயம்.

— ஏன், அவங்களுக்கு விக்க இஷ்டமில்லையா?

— அவளுக்கு ஞாபகம் நழுவுதும்மா. போன மழைக்காலத்துல இந்த மாடிப்படியில உருண்டுட்டா. படியை இடிச்சு மாத்தலாம்னா, இது புராதனத் தெரு, ஆணி அடிக்கக்கூட அனுமதி வேணும்ங்கறான் நகராட்சியில. அதான் ஸ்டேஷன் பக்கம் புதுசு புதுசா எழும்புதே அடுக்குமாடி, அதுல தரைத்தளமா ஒண்ணு பிடிச்சிருக்கேன்.

— நல்ல காரியம்தானே சார்?

— நல்ல காரியம்தான். ஆனா அவ கல்யாணமாகி வந்து இறங்கின வீடு இது. கால் தன்னால இங்கதான் வரும். நான் கண்ணசந்த நேரம் பார்த்து வந்து உங்க கதவைத் தட்டுவா. தட்டினா, இது உங்க வீடு இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உள்ள உட்கார வெச்சு எனக்கு ஒரு போன் போடுங்க, ஓடி வந்துடறேன்.

— சார்...

— முன்னாடி வந்தவங்க இதைக் கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு போனவங்கதான். ஆளையே காணோம்.

— பொய் சொல்ல வாய் வரல சார். நானும் எங்க வீட்டுக்காரரும் விடியறதுக்கு முன்ன வேலைக்கு ரயில் ஏறினா, இருட்டினப்புறம்தான் வீடு. இந்தத் தெருவுல பாதிப் பேர் அப்படித்தானே? பகல்ல அவங்க வந்தா, கதவுல பூட்டுதான் தொங்கும்.

— பூட்டா? பூட்டைப் பார்த்தா, நான்தான் அவளை வெளிய தள்ளிப் பூட்டிட்டேன்னு நினைப்பாம்மா.

— வேற ஆளைப் பார்த்துக்கறேன்னா சொல்லிடுங்க சார். ஆனா இந்த ஊர்ல விலை ஏறுற வேகத்துக்கு, இதை விட்டா எங்களுக்கு வேற வீடு இல்ல.

— உங்களைக் குத்தம் சொல்லலம்மா. என் தலையெழுத்து, நான் வேற என்ன சொல்ல?

— ஒண்ணு செய்யலாம். ஒரு சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பகல்ல அவங்க எப்ப கேட்டாலும் கூட்டிட்டு வந்து கூடத்துல உட்கார வைங்க. சாயங்காலம் பூட்டிட்டுப் போங்க.

— முன்னப்பின்ன தெரியாதவனை நம்பி சாவியா?

— எங்கப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான் சார் கால் போன போக்குல போயிட்டாரு. யாரோ புண்ணியவதி உட்கார வெச்சு தண்ணி கொடுத்ததாலதான் எங்களுக்குத் திரும்பக் கிடைச்சாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்.

— நீங்க நல்லா இருக்கணும்மா. இன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வருது. அவ வீட்டுக்கு அவ வந்து போயிட்டு இருப்பா, எனக்கு அது போதும்... இருங்க, படியில சத்தம் கேக்குது, அவதான் இறங்கி வரா. ஏய், மெதுவா! கைப்பிடியைப் பிடிச்சு இறங்கு!

— எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அடுத்தவங்க வீட்டுல வந்து மானத்தை வாங்காதீங்க. ஏம்மா, நீங்கதான் வீட்டுக்காரங்களா? மாடியெல்லாம் சுத்திப் பார்த்துட்டேன், வீட்டை எவ்வளவு லட்சணமா வெச்சிருக்கீங்க! ஏங்க, இனி வேற எங்கயும் அலைய வேண்டாம். எனக்குப் பிடிச்சிருக்கு, இதையே வாங்கிடலாங்க.