ஈரத்துக்கு மூன்று

தலைவலிக்கென்று நான் வாழ்நாளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. அதனால்தான் பேராசிரியர் என்னை இந்த வேலைக்குத் தெரிவு செய்தாரோ என்னவோ. வலிக்காதவனால்தானே வலியை நடுநிலையாக நிறுக்க முடியும்.

விசாரணைக் குழு என்ற முறையில் நீங்கள் மூன்று பேரும் கேட்கிறீர்கள், சொல்கிறேன். உட்காரக் கதிரையும் குடிக்கப் பிளேன்ரீயும் தந்திருக்கிறீர்கள். எனக்கும் அவசரமில்லை.

பேராதனை வீதியில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில்தான் எங்கள் ஆய்வு நிலையம். நாட்பட்ட வலிக்கும் கடும் தலைவலிக்குமான புதிய மாத்திரை ஒன்றைப் பரீட்சித்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் செல்லப்பா யாழ்ப்பாணத்தவர். பெயர்ப்பலகையில் அவருடைய பட்டங்கள் இரண்டாம் வரிக்கு இறங்கி, மூன்றாம் வரியில் நெரிபட்டு நிற்கும். வலியைப் பற்றி ஊர் ஊராகப் பேசப் போகிறவர் என்பதால் வலிக்கிறவர்களோடு பேச அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதற்கு உதவியாளன் நான் இருந்தேன்.

“சுமன், எங்களுக்குக் கதை வேண்டாம், இலக்கம்தான் வேணும்,” என்பார்.

பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நோயாளியிடம் கேட்டு எழுத வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை எட்டைத் தாண்டினால் அவரை ஆய்விலிருந்து விலக்கி, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு மூளை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். நல்ல விதி. அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சிக்கல் நோயாளிகளிடம்தான். பெரும்பாலும் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள். எத்தனை என்று கேட்டால் எண் சொல்ல மாட்டார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைப் பார்ப்பதும் எழுதுவதும் கணக்கப்பிள்ளையின் வேலை. கொழுந்தை இறக்கி வைத்தவர் நிறையைச் சொல்கிற வழக்கம் இல்லை. எங்களிடம் வந்து தலையையும் அப்படித்தான் இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள்.

“நீங்களே பாத்துப் போடுங்க சார்.”

நான் கணக்கப்பிள்ளையின் மகன். பார்த்துப் போட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூன்று கிலோ கழித்துத்தான் அப்பா எழுதுவார். வலியிலும் ஈரம் உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு, புருஷன்மேல் இருக்கிற கோபம், வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வருகிற அழுகை, எல்லாம் ஈரம்தான். முகத்தைப் பார்த்து எட்டு என்று தோன்றினால் ஐந்து எழுதினேன். முதல் வருகையில் மட்டும் கழிக்கவில்லை. வலி குறைந்தவர்களை ஆய்வில் சேர்க்க முடியாதல்லவா.

ஆக, மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. பேராசிரியர் வரைபடத்தை விரலால் தடவிப் பார்த்து, “ஓம், நல்ல இறக்கமாத்தான் கிடக்கு,” என்றார். சிங்கப்பூர் மாநாட்டுக்கென்று புதுக் கோட் ஒன்றும் தைக்கக் கொடுத்தார்.

சுந்தரி அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கெலிஓயாவில் பஸ் மாறி வருவார். பேராசிரியர் மாநாட்டில் காட்டவிருந்த படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். மூன்றாம் வருகையில், விடியற்காலையில் வாந்தி வருகிறது என்றார். கதை என்பதால் எழுதவில்லை. நான்காம் வருகையில் ஜன்னலுக்கு வெளியே காட்டினார்.

“சார், மலை ரெண்டாத் தெரியுது.”

“ஒன்னுல கொழுந்தெடுங்க அக்கா, மத்ததுக்கு லீவு குடுத்துருங்க,” என்றேன். சிரித்தார். சிரிக்கிற மனுஷிக்கு எட்டு இருக்க முடியுமா? ஐந்து போட்டேன்.

ஐந்தாம் வருகையில் மகள் பிரேமிளா கூட வந்தாள். பிலிமத்தலாவையில் புடவைக்கடை ஒன்றில் நிற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். வழக்கம்போல எத்தனை என்று கேட்டேன். சுந்தரி அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பத்து சார்.”

“போன தடவயும் பத்துதான்,” என்றாள் பிரேமிளா. “ஒங்க முன்னால நம்பர் சொல்லக் கூச்சப்பட்டு அம்மா வாயத் தொறக்கல. இப்பக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஸ்கேனுக்கு எழுதித் தாங்க சார்.”

நான் யோசித்தேன். தானாக எண் சொல்லாத மனுஷி எண் சொல்கிறார் என்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தவிர, மாநாட்டுக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. படத்தில் சிரிக்கிறவரையே ஆய்விலிருந்து விலக்கினால் பேராசிரியரின் முகம் என்னாவது?

“நல்லா எறங்கிக்கிட்டு வருது தங்கச்சி. இப்ப நிப்பாட்டினா இவ்வளவு நாள் குடிச்ச மருந்தும் வீணாப் போயிரும்,” என்றேன். பிரேமிளா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அம்மாதான் எனக்குக் கும்பிடு போட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாநாட்டில் கைதட்டல் நன்றாக இருந்ததாம். அது முடிந்து இரண்டாம் நாள் சுந்தரி அக்கா தோட்டத்து லயத்தில் வீட்டுப் படியில் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் தலையைத் திறந்து கட்டி ஒன்றை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் இரண்டு கண்ணும் போய்விட்டது. இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்குள்ள டாக்டர் எழுதியதை உங்கள் கோப்பில் நானும் வாசித்தேன்.

மறைக்க ஒன்றுமில்லை. பத்து என்று என் காதால் கேட்டேன். போன தடவையும் பத்து என்று மகள் சொன்னதையும் கேட்டேன். அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நான்கு என்று எழுதினேன். பேராசிரியர் அப்படி எழுதச் சொல்லவில்லை. அவர் எதையும் சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் இருந்ததில்லை.

போன கிழமை லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிரேமிளா எனக்கு உட்கார ஒன்றும் போடவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைவலி எப்படி என்று கேட்டதும் சுந்தரி அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“சுத்தமா இல்லீங்க சார்.”

வாசலில் நின்றபடியே கடைசிப் படிவத்தில் பூச்சியம் போட்டேன். நீங்கள் இவரை ‘பாதிக்கப்பட்டவர்’ என்று குறித்திருப்பதைத் தயவுசெய்து திருத்த வேண்டும். தலைவலி என்று வந்தவர், தலைவலி போய்விட்டது. கண்ணைப் பற்றி எங்கள் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை.